புழு ஏறாத பூனை

நுரையீரல் சுத்தமாக இருந்தது.

ஒரு புழுகூட இல்லை. இளஞ்சிவப்பாக, மெத்தென்று தட்டில் கிடந்தது.

டாக்டர் அருமைநாயகம் கத்தரியால் மறுபடி கீறிப் பார்த்தார். மூச்சுக்குழலைத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் பார்த்தார்.

அவருடைய உதவியாளர் அவள். அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

எல்லாப் பூனைகளுக்கும் தீனியில் நுரையீரல் புழுவைக் கலந்து கொடுத்தார்கள். பிறகு பாதிக்குப் பிடரியில் புது மருந்துச் சொட்டு. மீதிப் பாதிக்கு வெறும் எண்ணெய். கடைசியில் எல்லாவற்றையும் ஊசி போட்டுக் கொன்று, அறுத்து, புழுக்களை எண்ண வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

இது எண்ணெய்ப் பூனை.

சாம்பல் நிறம். கழுத்தைத் தரையோடு நீட்டி, உடம்பே குலுங்க இருமும். இருமி முடித்து, ஒன்றும் நடக்காததுபோல வாலைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வரும்.

எப்படியும் சாகத்தான் போகிறது. அதுவரைக்குமாவது மூச்சு விட்டுத் தொலைக்கட்டுமே.

சொட்டு விட்ட அன்று அவ்வளவுதான் நினைத்தாள். எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு மருந்துக் குப்பியை எடுத்தாள்.

பெரிய புண்ணியவதி!

"இதுக்குப் புழுவே ஏறலம்மா," என்றார் டாக்டர். "மருந்து குடுக்காததுல புழு இருந்தாத்தானே ஒப்பிட முடியும்? எல்லாம் இந்தப் பரிமளா வேலை. தீனிய ஒழுங்கா வெச்சிருக்க மாட்டா."

கூண்டு கழுவிக்கொண்டிருந்த பரிமளா பதறிப்போனாள்.

"ஐயோ சார், தட்டு காலியாகுற வரைக்கும் பக்கத்துலயே நின்னேனே!"

உண்மைதான். பரிமளா நின்றதை அவளே பார்த்திருக்கிறாள்.

"பேசாத. வேற பூனை ஒண்ணு சேர்த்தாகணும்." உதவியாளர் பக்கம் திரும்பினார். "இந்த வாட்டி நீயே ஊட்டிரும்மா."

உண்மை வாய்வரை வந்துவிட்டது.

சொன்னால்? ஒரு குப்பியை மாற்றியவள் இன்னும் எத்தனையை மாற்றினாளோ என்பார்கள். மொத்தமும் குப்பைக்குப் போகும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி கூண்டு கூண்டாகப் பூனைகள்.

சொல்லாவிட்டால் ஒரே ஒரு பூனை.

ச்சீ, இதெல்லாம் ஒரு கணக்கா?

வாயை மூடிக்கொண்டாள்.

பரிமளா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

மதியம் புதுப் பூனை வந்தது. வெள்ளை. ரொம்பச் சின்னது. கூண்டின் மூலையில் ஒடுங்கி, யார் தட்டு வைத்தாலும் சீறியது.

அவள் மீனைப் பிசைந்தாள். புழுக்களைக் கலந்தாள். கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கவளத்தை விரல் நுனியில் நீட்டினாள்.

சீறவில்லை. முகர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தது.

அழுகையாக வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சாப்பிடுடி தங்கம். பயப்படாத, நான் இருக்கேன்ல."

அந்தக் குரலுக்குப் பூனை மூலையை விட்டு வந்தது. கடைசிக் கவளம்வரை சாப்பிட்டது.