ஆட்சேபணை இல்லை

கூட்ட அறையில் ஏசி ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கும் ஏசிப் பெட்டியின்மேல் ஒரு புறா முட்டைகளை அடைகாத்தபடி, உள்ளே வியர்த்து வழிகிறவர்களைத் தலை சாய்த்துப் பார்க்கிறது. ஆற்றுப்பாலத்துக்கு மூன்று துறைகளின் சம்மதத்தையும் வாங்க இரண்டு வருடமாக நாயாய் அலையும் ஒருங்கிணைப்பு அதிகாரி கைக்குட்டையைப் பிழிகிறாள். இன்றைக்குள் கிடைக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பாலத்தின் கோப்பால் வனத்துறைக்காரர் விசிறிக்கொள்கிறார். "கூட்டைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சா என்ன?" என்கிறார் நீர்வளத்துறைக்காரர். "தொடவே கூடாது சார். குஞ்சு பறக்கிற வரைக்கும் ஏசி வேணாம்," என்கிறார் வனத்துறைக்காரர். மாசுக் கட்டுப்பாட்டு அம்மாள் உடனே தலையாட்டுகிறார்: "ஏசி சத்தம் அதுக்கு ஆகாது. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை." "சரி, எங்களுக்கும் இல்லை," என்று நீர்வளம் இறங்கிவருகிறது. "எங்களுக்கும்தான்," என்கிறது வனம். மூன்று வாயிலிருந்தும் அதே வார்த்தை, ஒரே நிமிடத்தில்! அவளுக்குப் புல்லரிக்கிறது. சூட்டோடு சூடாக, "அப்படியே பாலத்தையும் முடிச்சிடலாமா சார்?" என்கிறாள். விசிறல் நிற்கிறது. மூவரும் அவளைப் பார்க்கிறார்கள், புறாவும் பார்க்கிறது. "இந்தப் புழுக்கத்துல பாலத்தைப் பத்தி எப்படிம்மா யோசிக்கிறது?" என்கிறார் வனத்துறைக்காரர். "முதல்ல ஏசி ஓடட்டும்."