போஸ்டருக்கு ஒரு முகம்

ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் திரையில் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்கான போஸ்டர் விரிந்திருக்கிறது. நடுவில் பாடகியின் படம் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பாடகி பொன்செல்வி உள்ளங்கையால் வாயை மறைத்தபடி நிற்கிறாள். தெத்துப்பல் தெரிந்துவிடும் என்று சிறுவயதிலிருந்தே இப்படித்தான். "மூடுன வாயப் பாத்தா பல்வலின்னுல்லா நெனப்பாவ? கச்சேரிக்கு எவம்க்கா வருவான்? பாடுங்க, எடுக்கேன்," என்று கடைக்கார மாரிராஜ் செல்போனை உயர்த்துகிறான். "பல்லு தெரியுமே, தம்பி." "தெரியட்டும்." அவள் கண்களை மூடிக்கொண்டு அம்மன் பாட்டைத் தொடங்குகிறாள். அவள் குரலுக்கு வெட்கம் கிடையாது. இரண்டாம் வரியில் கை தானாக இறங்குகிறது. வாசல் வெயில் பல்லில் படுகிறது. பாடி முடித்து, "எடுத்தாச்சா?" என்கிறாள். மாரிராஜ் செல்போனைப் பார்த்து விழிக்கிறான். "மறந்துட்டேங்க்கா. இன்னொருக்கா பாடுங்க."