கோட்டுக்கு அந்தப் பக்கம்

மூன்று வருடம் ஆடு வாய் வைக்காத தெற்கு மேய்ச்சல் காட்டில், யாரும் விதைக்காத கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. கிளுவை வேலி இருந்த இடத்தில் இப்போது கண்ணுக்குத் தெரியாத கோடுதான். அதைத் தாண்டினால் ஆட்டின் கழுத்தில் கட்டிய மின்பட்டை சுருக்கென்று ஷாக் அடிக்கும்.

புல் தேறிவிட்டது, இனி மேய்க்கலாம் என்று கால்நடைத் துறையிலிருந்து உத்தரவு வந்த காலையில், நாச்சிமுத்து பதினெட்டுச் செம்மறிகளின் பட்டைகளையும் கழற்றிவிட்டு ஓட்டினார். எல்லாம் கோட்டருகே வந்து நின்றுவிட்டன.

"ஏனுங்க, பட்டையத்தான் கழட்டியாச்சே, அப்பறம் எதுக்கு இப்பிடி நடுங்குது?" என்றாள் மனைவி தெய்வாத்தாள்.

"பழக்கந்தான். சரியாப் போயிரும்."

பட்டை கொடுத்தவர்கள் ஒன்றாம் அளவில் வைக்கச் சொன்ன மின்னதிர்ச்சியை, புல் நன்றாக வளரட்டும் என்ற ஆசையில் நாலுக்கு ஏற்றியவர் அவர்தான். அவளிடம் சொல்லவில்லை.

முன்னால் நின்ற கிழட்டு ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்தார். அது முன்னங்கால்களை மடித்து விழுந்தது. அதன் ஒரு மாதக் குட்டி மட்டும் துள்ளி உள்ளே போய்ப் புல்லைக் கடித்தது. பிறந்ததிலிருந்து பட்டையே கட்டாத குட்டி அது. தாய் விடாமல் கத்தியது. குட்டி திரும்பி வந்ததும் தாய் அதை ஓங்கி முட்டியது. குட்டி மறுபடியும் போனது. மறுபடியும் முட்டு வாங்கியது. மூன்றாம் முறை ஓடிய குட்டி, கோட்டருகே தானாகவே நின்றது.

தெய்வாத்தாள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தனையில வெச்சிருந்தீங்க?"

நாச்சிமுத்து கையிலிருந்த பட்டைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.