ஒரே கயிற்றில் இரண்டு வீடு

அறுத்த கிளை தையல்காரம்மாவின் ஓட்டுக்கூரைக்கு மேல் கயிற்றில் தொங்கி ஆடுகிறது. போன மழையில் இதே மரம் உடைத்த ஓட்டின் வழியாக வெயில் இறங்கித் தையல் மெஷின் மேல் கிடக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கும், மரத்துக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு டிரைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து பிடிங்க! ஒருத்தர் விட்டாலும் கூரை காலி!" என்று மேலே இருந்து மரம் வெட்டுகிறவர் கத்துகிறார். ஒரே கயிற்றை முன்னால் டிரைவரும் பின்னால் அவளுமாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். மரத்தூள் இரண்டு தலையிலும் கொட்டுகிறது. அவருடைய செருப்பு சறுக்குகிறது. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடுகிறது. சட்டென்று அவர் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறார். கயிறு இறுகி, விரல்கள் வெளுக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவள் வாய் திறக்கிறாள்.

"யோவ்... அண்ணே, கையில சுத்தாதீங்க! கை போயிடும்! கூரை போனா போகுது, விட்டுடுங்க!"