நாகரிகமான ஒரு சொல்

"எங்க அக்கா நாலு வருஷமாப் படம் எடுத்திருக்காங்க. ஒரு வருஷம் தவறல. உங்க கம்ப்யூட்டர்ல இல்லேன்னா அது உங்க கம்ப்யூட்டரோட கோளாறு!"

தமிழ்ச் சங்கச் செயலாளர் மேசையைத் தட்டிய வேகத்தில் டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் அக்கா கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, தம்பியின் வீரத்தைப் பெருமை பொங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நர்ஸுக்குத் தெரியும். அவர் சொன்னதை அவள் தமிழில் மெல்ல இறக்கிவைத்தாள். "கட்டி வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்குமாம் சார். எலும்பு வரைக்கும் போயிடுச்சு. இனிமே வலி தெரியாமப் பார்த்துக்கலாம், அவ்வளவுதான். வருஷா வருஷம் படம் எடுத்திருந்தா மிளகு அளவுலயே பிடிச்சிருக்கலாம்னு சொல்றாரு."

"எடுத்திருந்தா என்ன, எடுத்திருந்தா? எடுத்தாச்சு! பார்த்தவன் ஒழுங்காப் பார்க்கல. நம்ம ஜனம்னா அவ்வளவு இளக்காரமா? நாளைக்கே பத்திரிகைக்கு எழுதறேன்."

எழுதக்கூடியவர்தான். 'விழிப்புணர்வுச் செம்மல்' என்ற பட்டமே எழுதியதற்காகக் கிடைத்தது. சுகாதாரத் துறை நம் மக்களுக்கென்று ஒரு துண்டறிக்கை கேட்டபோது, முதலில் எழுதிக் கொடுத்தவள் இதே நர்ஸ். அதில் மார்பகம் என்றும் புற்றுநோய் என்றும் பச்சையாக இருந்தது.

"ஏம்மா, நாலு பேர் புழங்கற வீட்டுல கிடக்கிற காகிதம் இது. வயசுப் பிள்ளைங்க கண்ணுல பட்டா என்னாகும்?" என்று சிவப்பு மையால் இரண்டையும் அடித்தார் செயலாளர். மூன்று நாள் மோட்டுவளையைப் பார்த்து யோசித்து, யாரும் கூசாமல் வாசிக்கும்படி நாகரிகமான ஒரு சொல்லைக் கண்டுபிடித்துப் போட்டார். நர்ஸ் அன்றைக்குச் சங்கத்தை விட்டுப் போனவள்தான். துண்டறிக்கை தொள்ளாயிரம் வீடுகளுக்குப் போயிற்று.

இப்போதும் சட்டைப்பையில் ஒன்று இருந்தது, எப்போதும் இருக்கும். எடுத்து மேசைமேல் அறைந்தார். "ஊருக்கே சொன்னவன் நான். என் அக்கா எடுக்காம இருப்பாங்களா?"

"நான் மட்டுமா?" என்றாள் அக்கா. "எங்க தெருவுல ஒருத்தி பாக்கியில்ல. எல்லாரும் சேர்ந்துதான் போனோம். ஏன் எதுக்குன்னு நான் கேட்டேனா? தம்பி எழுதியிருக்கு, எடுத்துக்கிட்டேன்."

நர்ஸ் அவள் அருகில் குனிந்தாள். "எடுக்கும்போது ரொம்ப வலிச்சுதாம்மா?"

"வலியா? ஸ்டூல்ல உட்காரவெச்சு, மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாங்க. மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

நர்ஸின் புருவம் சுருங்கிற்று. "கட்டி கைக்குத் தட்டுப்படலையா?"

"தட்டுப்பட்டுச்சு. போன வருஷம் கோலிக்குண்டு மாதிரி இருந்துச்சு. படம் நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன கவலைன்னு விட்டுட்டேன்."

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" என்று துள்ளினார் செயலாளர். "நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கான் பாவி! அவன் சீட்டைக் கிழிக்காம விடமாட்டேன்."

டாக்டர் சலிக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் படங்கள் எங்கே?

"பையிலதான் இருக்கு" என்றாள் அக்கா. "காட்டறேன்னு எத்தனை தடவை சொன்னேன். தம்பிதான் சீச்சீன்னு எழுந்து போயிடும்."

"பின்னே? அக்காவோட அந்தப் படத்தைத் தம்பி பார்க்கறதா? குடு, அவர்கிட்டயே குடு. நாலையும் பார்த்துட்டு அவரே வெட்கப்படட்டும்."

சொல்லிவிட்டு, மரியாதை தெரிந்த மனிதராகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அக்கா நான்கு உறைகளைத் தேடி எடுத்து நீட்டினாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. நான்கையும் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்தார்.

நர்ஸ் துண்டறிக்கையை எடுத்தாள். அச்சானதை இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறாள். பாதியில் நின்று, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து வாசித்தாள். "நாற்பதைக் கடந்த தாய்மார்களே, ஆண்டுதோறும் தவறாமல் மார்பளவுப் படம் எடுத்துக்கொள்வீர்."

சுவரைப் பார்த்து நின்ற செயலாளர் திரும்பவே இல்லை.

அக்காவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் கிடந்தவற்றையும் நர்ஸின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, நாலுலயும் சிரிச்ச முகமா விழுந்திருக்குன்னுதானே ஸ்டூடியோக்காரர் சொன்னாரு?"