செல்லக்கனியின் வாக்கிங் ஃபுட்

"பெல் அடிச்சா நாம எல்லாரும் சோத்துச் சட்டியத் தொறக்கோம். அவ மட்டும் எதுக்கு மிஷின்லயே உக்காந்திருக்கா? அவன் எதுக்குப் பக்கத்துல நிக்கான்?"

கருத்தம்மாள் கேட்டதும், பக்கத்தில் புளிச்சோறு தின்றுகொண்டிருந்த மாடத்தி செல்லக்கனியின் மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ராஜபாளையத்தில் குழந்தைகளுக்குப் பஞ்சுப் போர்வை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. மேலே பூப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைக்க வேண்டும். அடித்துணி ஓடும், மேல்துணி பின்தங்கும், கடைசியில் சுருக்கம் விழும். அதற்காக முதலாளி மெட்ராஸிலிருந்து 'வாக்கிங் ஃபுட்' ஒன்றை வாங்கி வந்தார். மிஷினில் ஊசிக்குப் பக்கத்தில் மாட்டினால் மேல்துணியையும் சேர்த்து நடத்திக்கொண்டு போகும். வாங்கியதோ ஒன்றே ஒன்று. சூப்பர்வைசர் கண்ணபிரான் அதைச் செல்லக்கனியின் மிஷினில் மாட்டிவிட்டான்.

கண்ணபிரானுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செல்லக்கனி கல்யாணமாகி இரண்டே வருஷம் ஆனவள், பார்க்க லட்சணமாக இருப்பாள். பேசுகிறவர்களுக்கு இது போதாதா?

"அவ நல்லாத் தைக்கா, அதான் குடுத்திருக்காவ" என்றாள் மாடத்தி.

"எனக்குத் தெரியாத தையலா? பதினஞ்சு வருசமா மிதிக்கேன். எம் பீஸ் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?"

அது உண்மைதான். தைத்த ஒவ்வொரு போர்வையிலும் தைத்தவளின் நம்பர் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். கருத்தம்மாள் நம்பர் பதினாலு. கண்ணபிரான் பார்த்து அனுப்புகிற பீஸ்களில் சுருக்கம் விழுந்ததை மேனேஜர் ஜகந்நாதன் எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து நம்பரைச் சத்தமாகப் படிப்பார். மூன்று தடவை படித்துவிட்டால் வேலை போச்சு. பதினாலை அவர் ஒரு நாளும் படித்ததில்லை. புருஷனைப் பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற கருத்தம்மாளுக்கு அந்தப் பெருமைதான் நகைநட்டு எல்லாம்.

போன வாரம் செல்லக்கனி அவள் பக்கம் வந்து, "யக்கா, துணியக் கையால இழுக்காதீக. சும்மா புடிச்சாப் போதும், அது தானா நடக்கும்" என்றாள்.

நேற்று வந்தவள் சொல்கிறாள்! கருத்தம்மாளுக்கு அன்று முழுக்க வயிறு எரிந்தது.

மாடத்தியிடம் பேசிய மறுநாள் மத்தியானம், சந்தேகப்பட்டதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். கண்ணபிரான் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுக்கிறான். செல்லக்கனி வாங்கி மிஷினுக்கடியில் ஒளிக்கிறாள். கருத்தம்மாளைக் கண்டதும் இரண்டு பேர் முகமும் செத்துப்போனது.

சேலையேதான். சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை கருத்தம்மாள் லீவு போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, மடவார் வளாகத்தில் வைத்தியநாத சாமிக்கு விளக்குப் போட்டாள். போட்ட கையோடு அடுத்த தெருவில் செல்லக்கனியின் மாமியார் சுந்தரம்மாளைப் போய்ப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் புள்ள மாதிரின்னுதான் சொல்லுதேன் மதினி. செத்த கண்டிச்சு வையிங்க" என்று ஆரம்பித்து, ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அம்புட்டையும் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை செல்லக்கனி வரவில்லை. புதன்கிழமை அவள் புருஷன் சோலைராஜ் வந்தான். கேட்டில் நின்று கண்ணபிரானை வாய்க்கு வந்தபடி பேசினான். உள்ளே வந்து, மிஷின் மேல் கிடந்த அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான்.

"இனி அவ வீட்டு வாசலத் தாண்ட மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்காம்" என்று மாடத்தி மூக்கைச் சிந்தினாள்.

அடி விழும் என்று கருத்தம்மாள் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பாள்.

வாக்கிங் ஃபுட்டை அவளே கேட்டு வாங்கினாள். செல்லக்கனியின் மிஷினில் ஜம்மென்று உட்கார்ந்தாள். டக் டக்கென்று அது நடந்தது. பதினைந்து வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? துணியைப் பிடித்து இழுத்தது.

ரகளைக்குப் பிறகு, கண்ணபிரான் பார்க்காமல் பீஸ் எல்லாம் நேராக மேனேஜர் மேசைக்கே போயின. சனிக்கிழமை ஜகந்நாதன் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்தார்.

"பதினாலு."

இன்னொன்றை எடுத்தார். "பதினாலு."

மூன்றாவதையும் எடுத்தார்.

"சார், எம் பீஸா இருக்காது சார்!" கருத்தம்மாள் அலறினாள்.

"ஒன் சீட்டுதானம்மா குத்தியிருக்கு? வாக்கிங் ஃபுட்டையும் வச்சுக்கிட்டு இப்படித் தச்சிருக்கே. திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாம்." அவர் போய்விட்டார்.

கருத்தம்மாள் அழுதுகொண்டே கண்ணபிரானிடம் ஓடினாள். "தம்பி, நீங்க சொல்லுங்க. எம் பீஸ் என்னைக்காவது சுருங்கி வந்திருக்கா?"

கண்ணபிரான் அவளைப் பார்க்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து, நூலில் கோத்த ஒரு கட்டுச் சீட்டை எடுத்து அவள் முன்னால் போட்டான். சிவப்பு மையில் 'சுருக்கம்' என்று அவனே எழுதி, மேனேஜருக்கு அனுப்பாமல் வைத்திருந்த சீட்டுகள்.

"பேப்பர்ல சுத்தி நான் அந்தப் புள்ளகிட்டக் குடுத்தது இந்தச் சீட்டு குத்தியிருந்த பீஸுகளத்தான். மத்தியானச் சோறு திங்காம அம்புட்டுத் தையலையும் பிரிச்சு, அந்த ஃபுட்ட வச்சு மறுபடி தச்சுக் குடுத்துச்சு. நான் புதுச் சீட்டு குத்தி மேனேஜருக்கு அனுப்பினேன். 'சொல்லிராதீக, தெரிஞ்சா சங்கடப்படுவாக'ன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கிருச்சு."

கருத்தம்மாள் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே நம்பர்.

பதினாலு.