மழை இல்லாத இடி

"குருத்தோல எரிக்காத வூட்லதான் இடி வுழுமா, மாமா?"

பவுலின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மஜீதிடம் கேட்டது இது.

சரியான ஆளைத்தான் பிடித்திருந்தாள். குருத்தோலை ஞாயிற்றுக்கு வேண்டிய தென்னங்குருத்தை வருஷாவருஷம் கச்சிராயபாளையத்திலிருந்து ஜீப்பில் ஏற்றிவந்து, வெள்ளிமலைக்கு மேலே பவுலினின் ஊரில் இருந்த சின்ன மாதா கோயிலின் வாசலில் சும்மா இறக்கிவிட்டுப் போகிறவன் இந்தத் துடைப்பப் புல் வியாபாரிதான்.

"எங்க வூட்ல எரிக்கிறதில்ல. இடி வுழுந்தா உனக்குச் சொல்லி அனுப்பறேன்" என்று சிரித்தான்.

பவுலின் கல்யாணமாகித் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஒரு சித்திரையில், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் வனக்காவலர் பழனி வீடு வீடாக வந்தார்.

"சாயந்திரம் மழை இல்லாம இடி வருதாம். காத்தும் ஜாஸ்தியாம். ரேடியோல சொல்லிட்டான். வெளிய யாரும் நெருப்பு வைக்காதீங்க, பீடிகூட வாணாம்" என்றவர், தன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு நடந்தார்.

மஜீத் அந்தக் கோடை முழுக்கச் சேர்த்த புல், பவுலினின் அம்மா அமலோற்பவத்தின் வாசலில் மலையாகக் குவிந்திருந்தது. லாரி மறுநாள்தான் வரும். மனைவி நூர்ஜகானின் வளையல்களை அடகு வைத்து வாங்கிய புல். தொட்டாலே நொறுங்கியது.

இடி இடித்தால், மந்திரித்த குருத்தோலையில் ஒரு துண்டைக் கிள்ளி அதே வாசலில் வைத்து எரிப்பாள் அமலோற்பவம். புகை கூரையைச் சுற்ற வேண்டும். முன்பொரு கோடையில் ஓலையைத் தேடி எடுப்பதற்குள் மின்னல் முந்திக்கொண்டது. பலாமரமும் அதில் கட்டியிருந்த பசுவும் ஒன்றாகப் போயின. அதிலிருந்து வானம் உறுமினாலே அவளுக்குக் கை நடுங்கும்.

"அக்கா, இன்னிக்கி ஒரு நாளு எரிக்காம இருங்களேன்."

"நல்லாகீது பாய். ஓலையும் நீயே கொணாந்து குடுப்ப, எரிக்கவும் வாணாம்னுவியா? அப்புறம் இன்னாத்துக்குக் கொணாந்த? கண்டிப்பா எரிப்பேன்."

வேறு மாதிரி பேச அவளுக்கு வராது. இருவருக்கும் நடுவில் பழைய வழக்கு ஒன்று இருந்தது.

பவுலினுக்குச் சின்ன வயதில் ஜுரம் கண்டு உடம்பு தூக்கிப் போட்டபோது, மஜீத் ஜீப்பிலிருந்த புளி மூட்டைகளைக் கொட்டுகிற மழையில் சாலையோரம் இறக்கிப் போட்டுவிட்டு, பிள்ளையை மலையிறக்கிக் கொண்டுபோனான். பிள்ளை பிழைத்தது. புளி கரைந்து ஓடியது.

அன்றிலிருந்து அவள் எதையாவது கொடுக்கப் பார்ப்பாள். அவன் வாங்க மாட்டான். கோழியைக் கொடுத்தால் அவிழ்த்து விட்டுவிடுவான். ஜீப் சீட்டுக்கு அடியில் பரங்கிக்காயை ஒளித்து வைத்தால், அடுத்த முறை அது அவள் கூரைமேல் உட்கார்ந்திருக்கும்.

வானம் கறுக்கத் தொடங்கியதும் அமலோற்பவம் ஆடுகளை ஓட்டிவரப் போனாள்.

மஜீத் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான்.

எதைத் தொட்டாலும் பிஸ்மில்லா சொல்கிற வாய் அன்று பாதியில் நின்றது. திருட்டுக்கு அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சுவரிலிருந்த மாதா படத்துக்கு ஒரு சலாம் வைத்தான். படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையை வியர்த்த கையால் உருவி, தோள் துண்டில் சுருட்டி, ஜீப் சீட்டுக்கு அடியில் திணித்தான்.

ஆடுகளும் அவளும் வீடு சேரவும் முதல் இடி இடிக்கவும் சரியாக இருந்தது.

தண்ணீர்க் குடத்துடன் புல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் கத்தப் போவதை எதிர்பார்த்தான். ஓலையைக் காணோமென்று வீட்டையே புரட்டிப் போடப் போகிறாள்.

கத்தவில்லை.

உள்ளேயிருந்து ஜெபமாலை சொல்லும் குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் அது அறுந்து, திணறி, மறுபடியும் தொடங்கியது.

ஒரு நெஞ்சு அப்படி நடுங்குவதைக் கேட்டுக்கொண்டு புல்லைக் காக்க அவனால் முடியவில்லை. எரிந்தால் எரியட்டும், நூர்ஜகானிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஜீப்புக்கு ஓடினான். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துண்டை உருவினான்.

துண்டு ஈரமாக இருந்தது.

ஓலை நன்றாக ஊறி, துணிபோலத் துவண்டது. நெருப்புப் பெட்டி முழுவதையும் உரசினாலும் அது பற்றாது.

அண்ணாந்து பார்த்தான். வானத்திலிருந்து இன்னும் ஒரு துளி விழவில்லை.

அவன் திருடுவதற்கு முன்பே யாரோ அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, மறுபடியும் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பது ஒருத்திதான். பயம் வந்தால் தன் கை தன் பேச்சைக் கேட்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மஜீத் ஓலையை மறுபடியும் துண்டில் சுருட்டினான். பெரிய இடி எதிர்மலையின் மொட்டைப் பாறையில் விழுந்தது. புகை சுற்றாத கூரையை ஒன்றும் செய்யவில்லை. பவுலினுக்கு இப்போது பதில் சொல்லி அனுப்பலாம். சொன்னால் திருட்டும் வெளியே வந்துவிடும்.

இருட்டுகிற நேரத்தில் மழையும் வந்தது. புல்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான்.

காலையில் லாரி வந்து புல்லை ஏற்றிப் போனது. அமலோற்பவம் பட்டிக்குப் போனதும், ஓலையைப் பழையபடியே படத்துக்குப் பின்னால் செருகினான்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தான். சீட்டுக்கு அடியில் பரங்கிக்காய்.

சுற்றுமுற்றும் பார்த்தான். வாசலில் யாருமில்லை. கூரையும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"பிஸ்மில்லா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான். கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு விடாதபடி, கீழே போய்ச் சேரும்வரை அதைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தான்.